பதியாமல் விட்ட வாக்கியம்

நீக்கிய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

வாசிப்பு டீச்சர் தன் டேப்லெட்டின் திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். தூசியாக இருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. புள்ளி போகவில்லை. பிள்ளை இப்போது ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வகுப்பில் மற்ற எல்லாப் பெயர்களும் சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருக்க, பட்டியலின் அடியில், அவளே தன் கையால் எடுத்துவிட்ட ‘வாண்டு’ மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. வகுப்பிலேயே குட்டையான பிள்ளை என்று எல்லோரும் வைத்த பெயர். ஆப்பிலும் அதையே போட்டுக் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்து வாங்கிக்கொண்டவள் அந்தச் சிறுமி.

“என்னங்க, அதையே போட்டுத் தேய்ச்சுட்டு இருக்கீங்க? பூதம் கீதம் வரப்போகுதா?” என்றாள் கணக்கு டீச்சர். பள்ளி விட்டு வெகுநேரமாகியும் மழைக்குப் பயந்து கிளம்பாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாண்டு பேரை எடுத்துட்டேன். மறுபடியும் காட்டுது.”

“ஆப்புதானே, விடுங்க. என் வகுப்புல எப்பவோ வீடு மாறிப் போன பிள்ளைக்கு இன்னும் வீட்டுப்பாடம் போயிட்டு இருக்கு. அதுக்கு என்ன தெரியும், யார் இருக்கா யார் போனான்னு?” எழுந்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வாண்டோட அம்மா வீட்டுக்குப் போகப்போறீங்களாமே. பாவம். நீங்கதான் ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லணும். கடைசி வரைக்கும் உங்ககூடத்தானே அந்தக் குழந்தை பேசிட்டு இருந்துச்சு.”

வாசிப்பு டீச்சர் தலையை ஆட்டினாள். இந்த ஒரு மாதமாக இப்படித் தலையை ஆட்டி ஆட்டியே கழுத்து வலித்தது.

அவள் வாண்டோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சாயங்காலம் அவள் தன் வீட்டில் சோபாவில் காலை நீட்டிப் படுத்து, ஏதோ தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருக்கும் தெரியாது. இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கைகூப்பி, “பள்ளி நேரம் முடிந்த பிறகும் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து படித்தவர்” என்று சொன்னபோது, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சுற்றிலும் அத்தனை முகங்கள். திறந்த வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். புழுக்கம் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கடைகளில் விளக்கு போடும் நேரம். சூடான எண்ணெய் வாசனை, சாக்கடை வாசனை, எங்கோ துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடும் வாசனை எல்லாம் காற்றில்லாத தெருவில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும், எதிலாவது இருந்தால் தாருங்கள் என்று வாண்டின் அம்மா பள்ளிக்கு ஆள் விட்டுக் கேட்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் நடந்துகொண்டே நினைத்தாள். உட்கார்ந்தவுடன் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

என்னவென்று சொல்வது என்பதுதான் நடையைத் தளர்த்தியது.

திட்டம் என்னவோ அழகான திட்டம்தான். பிள்ளைகள் வீட்டில் பாடத்தை வாய்விட்டுப் படித்து, குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றையும் கேட்டு, தன் குரலில் இரண்டு வார்த்தை பேசி அனுப்ப வேண்டும். வகுப்பு முழுவதும் தினமும் அனுப்பினால் கேட்பதற்கு எத்தனை காது வேண்டும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கொஞ்ச நாள் குழம்பைக் கிளறிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் கேட்டுப் பார்த்தாள். பிறகுதான் ஆப்பின் மூலையில் ஒரு வசதி கண்ணில் பட்டது. மூன்று பதில்களைப் பேசிப் பதிந்து வைத்துவிட்டால் போதும். படிப்பை ஆப்பே அளந்து பார்த்து, பொருத்தமான பதிலை டீச்சர் குரலிலேயே அனுப்பிவிடும். நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒன்று. தடுமாறிய பிள்ளைக்கு ஒன்று. திரும்பத் திரும்பத் தடுமாறும் பிள்ளைக்கு, இன்றைக்குப் போதும் என்று நிறுத்தச் சொல்ல ஒன்று.

முதல் பதிலைப் பேசினாள். இரண்டாவதை, பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருப்பதாகப் பாவித்துக்கொண்டு, சிரிப்பும் கொஞ்சலுமாகப் பேசினாள். “நல்லாப் படிச்சே கண்ணு! இன்னும் ஒரே ஒரு தடவை, எனக்காக!” கேட்டுப் பார்த்தபோது அவளுக்கே பிடித்துப்போனது. மூன்றாவதைப் பேசப் போகும்போது வாசலில் யாரோ மணி அடித்தார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். விட்டது விட்டதுதான்.

மூன்றாவது இடம் காலியாக இருந்தால் ஆப் இரண்டாவதையே அனுப்பும் என்பது, அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது. வாண்டின் பெயருக்குக் கீழே அடுக்கடுக்காகக் குரல்பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘பதில் அனுப்பப்பட்டது’. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டியின் மூடி மேல் ஏறி உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளை தினமும் படித்து அனுப்பும் என்பதும், இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தபோது துருப்பிடித்த மூடி அவளோடு உள்ளே விழுந்துவிட்டது என்பதும் அதற்குப் பிறகு வந்த செய்தி. அவள் அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பெயரை நீக்கினாள்.

வாண்டின் அம்மா தையல் வேலை செய்பவள். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரே அறை. கதவு திறந்தே இருந்தது. தையல் இயந்திரத்தின் மேல் பாதி தைத்த சட்டை ஒன்று ஊசி குத்தியபடியே கிடந்தது. வெட்டிப் போட்ட துணித்துண்டுகள் மூலையில் குவிந்திருந்தன. இயந்திர எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, நாள்பட்ட ஈரச் சிமெண்டின் வாசனை, மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். கூரையின் நடுவில் ஈரம் படர்ந்து கறுத்திருந்தது.

“வாங்க டீச்சர், வாங்க. நீங்க வருவீங்கன்னு தெரியும்.” வாண்டின் அம்மா ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நூல் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். “உக்காருங்க. தண்ணி குடிங்க.”

தம்ளரை வாங்கிக்கொண்டாள் டீச்சர். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லணும்…” என்று ஆரம்பித்தாள்.

“நான் முதல்ல சொல்லிடறேன் டீச்சர். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.” அந்த அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. “அன்னிக்கு எனக்கு அவசர வேலை. ஒரு கல்யாண வீட்டுத் துணி. பிள்ளை மேலயே இருக்காளே, இருட்டிடுச்சேன்னு எழுந்து கதவு வரைக்கும் போனேன். மேல உங்க குரல் கேட்டுச்சு. கண்ணுன்னு கூப்பிட்டுக் கொஞ்சிட்டு இருந்தீங்க. சரி, டீச்சர் கூட இருக்காங்க, அப்புறம் என்ன பயம்னு திரும்பி வந்து உக்காந்துட்டேன்.”

இவள் எழுந்து கதவு வரை வந்திருக்கிறாள். இன்னும் பத்துப் படி ஏறியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பாள். அவளைத் திருப்பி அனுப்பியது அந்தக் குரல். என் குரல், என்று நினைத்தாள் டீச்சர். கொன்றது மூடி இல்லை, நான்தான். இதைச் சொல்லத்தானே வந்தாய், சொல், சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது.

அதைச் சொல்லாமல் டேப்பை எடுத்தாள். பழைய பதிவு ஒன்றைத் தேடி, ஒலியைக் கூட்டி, இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஒரு கரகரப்பு. பிறகு முன்பல் விழுந்த வாயிலிருந்து காற்று கலந்து வரும் குரல்.

“எங்கள் வீட்டுப் பூனை மழையில் நனை… நனை… நனைந்தது. கதவைத் தட்டத் தெரியாமல் வெளியே நின்றது.”

வாண்டின் அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பின் சிரித்தாள். “அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு வராது டீச்சர். கடைசி வரைக்கும் வரவே இல்லை.”

“இதை உங்க போன்ல ஏத்தித் தந்துடறேன்மா.”

“கடைசி நாள் படிச்சது?”

“அது…” டீச்சர் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “அது அழிஞ்சுபோச்சு. போன் தண்ணியில விழுந்துச்சு இல்லையா, அதனால.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய். சொல்ல வேண்டியது வரவில்லை, இது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அந்தப் போன் கிடைக்கவே இல்லை டீச்சர். தொட்டியை வத்த வெச்சுத் தேடினாங்க. எங்க போச்சுன்னே தெரியலை.” அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. ஏதோ நல்ல விஷயத்தைச் சொல்லப்போகிறவள் மாதிரி சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “பரவாயில்லை. அதுதான் தினமும் கேக்கறேனே.”

“எதை?”

“இருங்க. நேரமாயிடுச்சு.”

அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அறை அமைதியானது. கீழ் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம், தெருவில் ஒரு வண்டியின் ஹாரன், பிறகு அதுவும் இல்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் மூச்சையே கேட்டாள். அதற்கு மேல், கூரையின் கறுத்த ஈரத்துக்கு அந்தப்பக்கம், தண்ணீர் எதிலோ மோதி மோதித் திரும்பும் ஓசையைக் கேட்டாள்.

பிறகு பிள்ளையின் குரலைக் கேட்டாள்.

வார்த்தைகள் தெளிவாக இல்லை. குடத்துக்குள் பேசுவது போல முழங்கியது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பூனை. மழையில். ஒரு தடங்கல். மறுபடி. ஒரு தடங்கல்.

டீச்சர் டேப்பைப் பார்த்தாள். அது ஓடவில்லை. பச்சைப் புள்ளி மட்டும். அதன் கீழே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதிதாக ஒரு பதிவு வந்து விழுந்தது. அடுத்த கணம், ‘பதில் அனுப்பப்பட்டது’.

மேலே ஒரு பெண் சிரித்தாள். கொஞ்சலாக. சந்தோஷமாக.

“நீங்கதான்,” என்றாள் வாண்டின் அம்மா. “முதல் நாள் பயந்துதான் போனேன். அப்புறம் உங்க குரலைக் கேட்டதும்தான் தெம்பு வந்துச்சு. எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்க மட்டும் அவளைக் கைவிடலை.”

“அம்மா… அது நான் இல்லை.”

“எனக்குத் தெரியாதா டீச்சர் உங்க குரல்?”

டீச்சர் அமைப்புகளைத் திறந்தாள். விரல் வழுக்கியது. தானியங்கிப் பதில். நிறுத்து. நிறுத்தினாள். இன்னொரு பதிவு விழுந்தது. பதில் அனுப்பப்பட்டது. டேப்பையே அணைத்தாள். திரை கறுத்தது. மேலே அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது.

“ஆனா டீச்சர்,” வாண்டின் அம்மா தயங்கினாள். பெற்றோர் கூட்டத்தில் தயங்கித் தயங்கிப் பேசும் அதே குரல். “தப்பா நினைச்சுக்காதீங்க. அவளுக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. குரல்லயே தெரியுது. குளிர்ல பல்லு அடிச்சுக்குது. இன்னிக்குப் போதும்னு சொல்லிடுங்களேன். நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறா. டீச்சர் சொல்லட்டும்னு இருக்கா போல. நீங்க சொன்னாத்தான் கேப்பா.”

அதற்காகத்தான் தன்னை வரவழைத்திருக்கிறாள் என்பது டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிவிடலாம். கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் கீழே இறங்கும் படியில் வைக்க வேண்டிய கால், மேலே ஏறும் படியில் இருந்தது. அந்த அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்ததால் மட்டும் இல்லை. இதையாவது செய்ய வேண்டும் என்று இருந்தது டீச்சருக்கு. ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

மொட்டை மாடியில் காற்றே இல்லை. கொடியில் யாரோ எடுக்க மறந்த துணி ஒன்று அசையாமல் தொங்கியது. தொட்டி ஆள் உயரத்துக்கு, சிமெண்ட் பெயர்ந்து நின்றது. பக்கத்தில் இரும்பு ஏணி. மூடி இருந்த இடத்தில் இப்போது ஒரு கனத்த கருங்கல் பலகை. வீட்டுக்காரர் போட்டது.

சத்தம் அதற்கு அடியிலிருந்து வந்தது.

டீச்சர் ஏறினாள். ஏணி ஈரமாக இருந்தது. மழை இன்னும் பெய்யவே இல்லை. முழங்காலைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, கல்லின் மேல் குனிந்தாள். கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. உள்ளே மங்கலாக ஒரு வெளிச்சம். கைபேசித் திரையின் வெளிச்சம். அது தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

“…மழையில் நனை… நனை…” பல் கிட்டித்துப் போன வாய். மூச்சு வாங்கியது. பிறகு, மெதுவாக, பாடத்தில் இல்லாத வார்த்தைகள். “டீச்சர், இருட்டிடுச்சு. அம்மா தேடுவாங்க. போகட்டுமா?”

அன்றைக்கும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு பதிவிலும் கேட்டிருக்கிறாள். எனக்குக் கேட்க நேரமில்லை.

“சொல்லுங்க டீச்சர்,” என்றாள் கீழே இருந்து அந்த அம்மா.

டீச்சர் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். போதும் கண்ணு. இறங்கு. வீட்டுக்குப் போ. மூன்றும் நாக்கில் தயாராக இருந்தன.

“நல்லாப் படிச்சே கண்ணு!”

அவள் அதிர்ந்து பின்னால் சாய்ந்தாள். அவள் சொல்லவில்லை. அவள் வாய்தான் சொன்னது. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, குரல் மட்டும் சிரித்தது. மறுபடி முயன்றாள். பல்லைக் கடித்து, உதட்டைக் குவித்து, ‘போ’ என்ற ஒரே ஒரு எழுத்துக்காக உடம்பு முழுவதையும் திரட்டினாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவை, எனக்காக!”

உள்ளிருந்து ஒரு சின்ன விசும்பல்.

“சரி டீச்சர்.”

“டீச்சர்?” வாண்டின் அம்மா ஏணியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த நன்றி இன்னும் போகவில்லை. அது போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றது. “என்ன டீச்சர் சொல்றீங்க? போதும்னு சொல்லுங்க.”

டீச்சர் தலையை ஆட்டினாள். இல்லை. முடியவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் உதடுகள் தாமாகவே அசைந்தன. விரல் இடுக்கு வழியாக அதே சிரிப்பு, அதே கொஞ்சல், ஒரு மூச்சுகூடப் பிசகாமல்.

“அன்னிக்கும்…” அந்த அம்மாவின் கை ஏணியை விட்டது. “அன்னிக்கும் இதையேதான் சொல்லிட்டு இருந்தீங்களா?”

அதற்கும் அதே பதில்தான் வந்தது.

வாண்டின் அம்மா ஏணியை மறுபடி பிடித்தாள். அவளும் ஏறினாள். டீச்சரைத் தள்ளிக்கொண்டு கல்லின் விளிம்பைப் பிடித்தாள். நகம் பெயர, மார்பு முட்ட, தள்ளினாள். கல் அசையவில்லை. டீச்சர் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, தானும் கல்லைப் பிடித்துத் தள்ளினாள். இருவர் மூச்சும் ஒன்றாக இரைத்தது. அது அசையவில்லை. வாண்டின் அம்மா கல்லின் மேல் அப்படியே கவிழ்ந்து, இடைவெளியில் வாயை வைத்து, “வா கண்ணு, அம்மா சொல்றேன், போதும் வா” என்று கதறினாள்.

அடியிலிருந்து சின்ன விரல்கள் வந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். இடைவெளி வழியாக அம்மாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தன. அவளைத் தாண்டி நகர்ந்தன. கல்லைப் பிடித்திருந்த டீச்சரின் விரலைத் தேடிக் கண்டுபிடித்து, வகுப்பில் பிடித்துக்கொள்வது போலவே பிடித்துக்கொண்டன.

“எங்கள் வீட்டுப் பூனை,” என்று குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது.

பிள்ளை படித்து முடிப்பதற்குள்ளாகவே டீச்சரின் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.